மரப்பீப்பாயில் முதிரும் திராட்சை மது

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை ஆகிய ஊர்களைக் கடந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. வாமனபுரம் ஆற்றின் தலைநீர்களுள் ஒன்று அங்கே உருண்டு திரண்ட பாறைகளுக்கிடையே ஓடுகிறது. பாலத்தைத் தாண்டினால் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஊரின் பெயரில் உள்ளது கல்லே அன்றிக் கள் அன்று. லகரத்தை ளகரமாக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். எனினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மதுவைப் பற்றியே ஆதலால், அந்த ஓர் எழுத்து வேறுபாட்டை நினைத்துச் சற்றே நகைத்துக்கொள்கிறோம்.

பொன்முடியில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. அத்தகைய தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. தேயிலைச் செடிகளுக்கிடையே நிழலுக்காக நெடிதுயர்ந்து நிற்கும் மரத்தைத் தோட்டத்தார் சில்வர் ஓக் என்பர். ‘ஓக் மரப் பீப்பாயில் முதிர்ந்த ஷார்டொனே’ என்று ஒரு புட்டியின் மேல் அச்சிட்டிருக்கக் காணும் தோட்டத்து இளைஞர், ‘நம் மரந்தானே இது!’ என்று எண்ணினால் அதில் வியப்பில்லை. ஆனால் அது நம் மரம் அன்று. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. பெயரைத் தவிர உண்மையான ஓக்கோடு அதற்கு எவ்வித உறவும் இல்லை. உண்மையான ஓக் இமயமலைச் சாரலில் பல வகையாக வளர்கிறது; நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அது இயற்கையாக இல்லை. மதுப் பீப்பாய்க்கு உதவும் ஓக்கோ பெரும்பாலும் பிரான்சு நாட்டிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கிடைப்பது.

பம்பாயிலும் புனேயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நம்மவர், விருந்துகளிலோ விழாக்களிலோ இத்தகைய புட்டியைப் பரிசாகப் பெறுகின்றனர். சிலர் விலை கொடுத்தும் வாங்குகின்றனர். அப்புட்டிக்குள் இருப்பது யாது, அது ஏன் அவ்வளவு விலை பெறுகிறது, அந்த விலையில் உழவனுக்கும் மரத்துக்கும் விளம்பரத்துக்கும் சேரும் பங்கு என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. குடிக்குமாறு எவரையும் நாம் தூண்டவில்லை. உடல்நலத்துக்கு ஊறு செய்யாத மதுவின் அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் தெளிவாகவே கூறியிருக்கிறது. ஆயினும் ஒரு பொருளை விலக்குவோரும் விரும்புவோரும் அதனை அறிந்து செய்வதே முறை.

ஷார்டொனே என்பது வெண்ணிறத் திராட்சையின் ஒரு வகை. பிரான்சு நாட்டின் பர்கண்டி வட்டாரமே அதன் தாயகம். அங்கே அதே பெயருடைய சிற்றூர் ஒன்றும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டில் மரபணுச் சோதனையால் அதன் பெற்றோர் யாவர் என்பது வெளிப்பட்டது. ஒன்று, பர்கண்டியின் பெருமைக்குரிய பினோ. மற்றொன்று, குடியானவர் தோட்டங்களில் மதிப்பின்றிக் கிடந்த கூவே என்னும் எளிய திராட்சை. உயர்குடியும் ஏழைக்குடியும் கலந்த இம்மணத்தில் பிறந்த பிள்ளை உலகம் முழுவதும் பரவிவிட்டது.

ஷார்டொனேயின் தனிச்சிறப்பு, தனக்கென்று உரத்த மணம் ஒன்றும் இல்லாமையே. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைக் கையில் எடுத்தாலே மணம் சொல்லிவிடும், இது இன்ன பழம் என்று. ஷார்டொனே அவ்வாறன்று. எம்மண்ணில் விளைந்ததோ, எவ்வாறு பக்குவம் செய்யப்பட்டதோ, எந்தக் கலத்தில் கிடந்ததோ, அவற்றின் சாயலையே அது ஏற்றுக்கொள்கிறது. வெள்ளைச் சோறு குழம்பின் சுவையை ஏற்பது போல என்று சொல்லலாம். ஆதலால் மது வடிப்போன் தன் கைத்திறனைக் காட்ட இதைவிட ஏற்ற பழம் வேறில்லை. அவனுடைய குற்றங்களை இதைவிடத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும் பழமும் வேறில்லை.

இனிப் பக்குவத்துக்கு வருவோம். பழத்தைப் பிழிந்த சாற்றில் நொதிச்சத்தாகிய ஈஸ்ட் சேர்ந்து சர்க்கரையை உண்டு, அதனைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டர்ச் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு சாராயச் சத்து உண்டாகும். நன்கு பழுத்த ஷார்டொனே நூற்றுக்குப் பதின்மூன்று பங்குவரை தரவல்லது. இதனை எஃகுத் தொட்டியில் குளிர வைத்து நொதிக்கச் செய்தால், எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் நினைவுக்கு வரும் மெல்லிய மது கிடைக்கும். பலருக்கு அதுவே போதுமானது. நமக்கும் வெயில் நாளில் அதுவே ஏற்றது என்று தோன்றுகிறது. ஆனால் செழுமையும் கனமும் வெண்ணெய் மணமும் பொருந்திய மது வேண்டுமானால், மேலும் மூன்று காரியங்கள் நடைபெறவேண்டும்.

முதலாவது காரியம் நம் அடுக்களைக்கு அந்நியமானதன்று. சாற்றில் மாலிக் அமிலம் என்னும் புளிப்பு இருக்கிறது. பச்சை ஆப்பிளில் நாவைச் சுருக்கும் புளிப்பு அதுவே. ஒருவகை நுண்ணுயிர் இந்தப் புளிப்பைத் தின்று, தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. கூரிய புளிப்பு தணிந்து மென்மை உண்டாகிறது. கூடவே டையசிட்டைல் என்னும் பொருளும் தோன்றுகிறது. வெண்ணெய்க்கு வெண்ணெய் மணம் தருவது அதுவே. இவ்வேலையைச் செய்யும் நுண்ணுயிருக்கு ஈனோகாக்கஸ் என்று பெயர். 1995-ஆம் ஆண்டுவரை அறிவியலார் அதனை லூக்கனாஸ்டாக் என்னும் குடும்பப் பெயராலேயே அழைத்துவந்தனர். நம் இட்லி மாவை இரவெல்லாம் பொங்கச் செய்வது அந்த லூக்கனாஸ்டாக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உயிரே ஆகும். பர்கண்டியின் நிலவறையிலும் நம் மாவுப் பானையிலும் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் உழைக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாவது காரியம், நொதித்து ஓய்ந்த ஈஸ்ட் வண்டலாக அடியில் படியும்போது அதனை உடனே நீக்கிவிடாமல், சில மாதங்கள் மதுவோடு வைத்திருந்து, அவ்வப்போது கோலால் கிளறிவிடுவது. இதனால் மதுவுக்கு ஒரு திண்மையும், வறுத்த ரொட்டி போன்ற மணமும் ஏற்படுகின்றன.

மூன்றாவது காரியமே பீப்பாய். இதைப்பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும்.

பிரான்சின் நடுப்பகுதியில் திரோன்சே என்னும் ஓக் காடு இருக்கிறது. பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர், கடற்படைக் கப்பல்களுக்கு மரம் வேண்டுமென்று 1670-ஆம் ஆண்டையொட்டி அக்காட்டைப் பேணி வளர்க்க வழிசெய்தார். மரம் முதிர நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் ஆகும். மரங்கள் முதிர்ந்து நின்றபோது கப்பல்கள் இரும்பாகிவிட்டன. மரமோ பீப்பாய்க்குப் போயிற்று. ஓர் அரசாங்கம் போருக்கென்று போட்ட திட்டம் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு விருந்துக்குப் பயன்பட்ட கதை இது!

அம்மரத்தை வாளால் அறுப்பதில்லை; நார் செல்லும் போக்கிலேயே பிளப்பர். குறுக்கே அறுத்தால் நுண்குழாய்கள் வெட்டுண்டு மது கசிந்துவிடும். பிளந்த பலகைகளை அடுக்கி, மழையும் வெயிலும் பனியும் படுமாறு இரண்டு மூன்று ஆண்டுகள் திறந்த வெளியில் விட்டுவைப்பர். மரத்தின் கசப்பும் துவர்ப்பும் இவ்வாறு கழிகின்றன. பிறகு பலகைகளை வட்டமாக நிறுத்தி இரும்பு வளையம் மாட்டி, நடுவே தீ மூட்டி, சூட்டால் வளைப்பர். உட்புறம் சற்றே கருகவும் செய்யும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை; மரம் ஈரத்தில் ஊதி இறுகுவதே பூட்டு. படகு கட்டும் நம் கடற்கரைத் தச்சர்கள் இதனைக் கண்டால் நன்கு உணர்ந்துகொள்வர்.

அந்தத் தீயில்தான் மணங்கள் பிறக்கின்றன. மரத்தின் உட்பொருள்கள் சூட்டில் சிதைந்து வனிலின் ஆகின்றன. இது வனிலா நெற்றின் மணம். யூஜெனால் என்பது கிராம்பின் மணம். கருகிய பகுதியிலிருந்து புகை மணம் வருகிறது. ஓக்கிற்கே உரிய லாக்டோன் என்னும் பொருள் தேங்காய் மணம் உடையது. அமெரிக்க ஓக்கில் இது மிகுதி. ஆகவே கிராம்பும் தென்னையும் நிறைந்த மலைநாட்டில் வாழ்ந்த ஒருவர், ஓக் முதிர்வு பெற்ற ஷார்டொனேயை முகர்ந்து, ‘இதில் ஏதோ வீட்டு மணம் இருக்கிறதே’ என்றால் அது வெறுங்கற்பனை அன்று. அதே பொருள்களே வேறொரு மரத்தின் வழியாக வந்திருக்கின்றன.

கலம் மதுவுக்கு மணம் ஊட்டும் என்பது தமிழருக்குப் புதிய செய்தியும் அன்று. மலைவாணர் நெடிய மூங்கிற் குழாயில் விளையவைத்த தேன்மதுவைச் சுற்றத்தோடு உண்டு குரவை ஆடியதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் குறிப்பிடுகிறது. அத்தேறல் வந்த இருகாதுச் சாடிகளின் உடைந்த ஓடுகளை 1945-இல் அரிக்கமேட்டில் அகழ்ந்து கண்டனர். 2007-ஆம் ஆண்டுமுதல் கொடுங்கல்லூருக்கு அருகேயுள்ள பட்டணத்திலும் கண்டனர். அச்சாடிகள் கசியாதிருக்க உட்புறம் பிசின் பூசுவது யவனர் வழக்கம். ஆகவே நம் மன்னர் பருகியது பிசின் மணமுள்ள மதுவாகவே இருந்திருக்கும்.

பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர் கொள்ளும். ஏறத்தாழ முந்நூறு புட்டிகள். புதிய பீப்பாய் ஒன்று பல நூறு யூரோ விலை பெறும். கப்பற்கூலியும் சுங்கமும் வேறு. மூன்று நான்கு முறை நிரப்பியபின் மரம் தன் மணத்தை இழந்துவிடும். மரத்தின் நுண்துளைகள் வழியே மதுவும் சிறிது சிறிதாக ஆவியாகிறது. குறைந்ததை அவ்வப்போது நிரப்பாவிட்டால் காற்றுப் புகுந்து மது காடியாகிவிடும். பர்கண்டியில் நிலவறையே குளிர்ந்திருக்கும். நம் நாட்டிலோ பீப்பாய் அறையை ஆண்டு முழுவதும் மின்சாரத்தால் குளிர்விக்கவேண்டும். பெரிய ஆலை இச்செலவைப் பல இலட்சம் புட்டிகளின்மீது பரப்பிவிடும்; சிறிய ஆலைக்கு ஒவ்வொரு பீப்பாயும் ஒரு பந்தயமே.

அப்பந்தயத்தில் இறங்கிய இந்தியச் சிற்றாலைகளுள் ஒன்றை இங்கே குறிப்பிடலாம். நாசிக் மாவட்டத்தில் நிஃபாட் என்னும் ஊருக்கு அருகே குண்டேவாடியில், திராட்சை உழவுக் குடும்பம் ஒன்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய வல்லுநர் ஒருவரின் துணையோடு ‘ரெவேலோ’ என்னும் பெயரில் மது வடிக்கத் தொடங்கியது. நாசிக்கில் பலரும் ஷெனின், சோவின்யோன் ஆகிய வகைகளை நாடியபோது, இக்குடும்பம் ஷார்டொனேயை நட்டு, ஓக் பீப்பாயில் முதிர்ந்த தனி மதுவையும் வெளியிட்டது. சிசிலித் தீவின் கிரில்லோ, நேரோ தாவொலா ஆகிய வகைகளையும் அது இந்திய மண்ணில் பயிரிட்டது. மராட்டிய அரசு 2001-இல் திராட்சைப் பதனீட்டுத் தொழிற்கொள்கை வகுத்து வரிச்சலுகைகள் அளித்தது இத்தகைய முயற்சிகளுக்குப் பேருதவியாயிற்று.

நிஃபாட் பொருந்திய இடமாயிருப்பதற்குக் காரணம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் அங்கே இரவுக் குளிர் கடுமை; சில ஆண்டுகளில் வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே இறங்கியதுண்டு. இரவு குளிர்ந்தால் பழத்தின் புளிப்பு அழியாமல் நிற்கும். புளிப்பு இல்லாத ஷார்டொனேக்கு ஓக் ஏற்றினால், உப்பில்லாத பண்டத்துக்கு நெய் வார்த்தது போலாகும். ஆனாலும் அங்கே பனிக்காலம் கொடியை முழுவதும் உறங்க வைப்பதில்லை. ஆகவே உழவர் சித்திரையையொட்டி ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் புரட்டாசி, ஐப்பசியில் ஒருமுறையும் கொடியைக் கவாத்து செய்து, ஒரே ஒரு மகசூலை, தை முதல் பங்குனி வரைக்குள் எடுக்கின்றனர். ஷார்டொனே முந்திப் பழுக்கும் சாதி. பழுத்த சில நாள்களுக்குள் பறிக்காவிட்டால் பகல் வெயில் சர்க்கரையை ஏற்றிப் புளிப்பை இறக்கிவிடும். வழக்கத்துக்கு மாறாக அப்போது மழையும் பெய்துவிட்டால், ஓராண்டு உழைப்பும் முன்பணம் கொடுத்து வாங்கிய பீப்பாயும் வெறுமையாய் நிற்கும்.

கல்லாற்றில் இக்கொடியை வளர்க்க முடியுமா என்று கேட்டால், முடியாது என்றே கூறவேண்டும். தென்மேற்குப் பருவமழை ஓயுமுன் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும் இடம் அது. காற்றில் ஈரம் குறையாத இடத்தில் திராட்சை இலையைச் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் விடமாட்டா. மலையாள நாட்டு வீடுகளில் கிறிஸ்துமஸ் நாளுக்காகப் பீங்கான் பரணிகளில் ஊறும் திராட்சை மதுவுக்குப் பழம் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. கேரள அரசு 2022-இல் சிறு மது ஆலைகளுக்கான விதிகளை வகுத்தபோது, அன்னாசி, வாழை, முந்திரிப் பழம் போன்ற உள்ளூர் விளைபொருள்களையே மனத்திற் கொண்டது. அது சரியான வழியென்றே நாம் கருதுகிறோம். முந்திரிப் பழத்தை மண்ணில் அழுகவிட்டுப் பிரான்சு நாட்டுப் பழத்துக்கு ஏங்குவதில் பொருளில்லை.

மலையின் மறுபக்கம் மழைமறைவில் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் நிலை வேறு. அங்கே ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டேயிருக்கும். கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அப்பழம் மென்மையானது. பறித்தபின் நெடுநாள் தாங்காது. விலை சரிந்த நாளில் உழவன் அதனை வைத்திருந்து விற்க வழியில்லை. மது வடிப்பது அப்பழத்தைக் காலத்தில் நிறுத்தும் வழிகளுள் ஒன்று. உலர்திராட்சையும் பழப்பாகும் பிற வழிகள். இவற்றுள் எதைக் கைக்கொண்டாலும், பழம் விற்கும் உழவனாக மட்டும் நின்றுவிடாமல், பழத்தை ஆக்கி விற்கும் உழவனாக உயர்வதிலேயே குண்டேவாடிக் குடும்பம் கம்பத்தாருக்குக் காட்டும் வழி இருக்கிறது. பன்னீர் திராட்சைக்கு ஓக் பீப்பாய் வேண்டியதில்லை. அதன் இயல்பான மணத்தை மரம் மூடிவிடும்.

சிற்றாலை பெரியோரை வென்ற வரலாறும் ஒன்று உண்டு. 1976 மே 24 அன்று பாரிஸ் நகரில், பிரான்சு நாட்டு நடுவர்கள் பெயர் அறியாமல் சுவைத்து, வெண்மதுக்களுள் முதலிடத்தை அளித்தது பர்கண்டிக்கு அன்று; கலிபோர்னியாவின் ஷாத்தோ மோன்டலீனா என்னும் ஆலையின் 1973-ஆம் ஆண்டு ஷார்டொனேக்கு. அவ்வெற்றி ஒரு தீமைக்கும் வித்திட்டது. எல்லாரும் ஷார்டொனே நட்டனர். எல்லாரும் மரமணத்தை ஏற்றினர். 1990-களில் மேல்நாட்டார் சிலர், ‘ஷார்டொனே தவிர வேறெதுவும் தருக’ என்று கேட்கும் அளவுக்குச் சலித்துவிட்டனர். சலிப்பு பழத்தின்மீதன்று, பலகையின்மீது.

இதில் ஏமாற்றுக்கும் இடமுண்டு. பீப்பாய் வாங்க இயலாதவர்கள் ஓக் மரச் சில்லுகளைத் தொட்டியில் போட்டு ஊறவைப்பர். இது சட்டவிரோதமன்று, ஐரோப்பியக் கூட்டமைப்பே 2006-இல் இதனை அனுமதித்தது. மணம் ஏறும், ஆனால் பலகையினூடே மெல்ல நுழையும் காற்றினால் விளையும் முதிர்ச்சி ஏறாது. ஆகவே பட்டியில் ‘ஓக் மணமுடையது’ என்று மட்டும் இருந்தால் ஒரு பொருள். ‘பீப்பாயில் நொதித்தது’, ‘பீப்பாயில் இத்தனை மாதம் முதிர்ந்தது’ என்று இருந்தால் வேறு பொருள். விலை மட்டும் ஒன்றாக இருக்குமானால் வாங்குவோர் ஐயுற உரிமை உண்டு.

புட்டி கைக்கு வந்தபின்? நம் வீடுகளில் அதனை அடுக்களைப் பரணிலோ வரவேற்பறை அலமாரியிலோ ஆண்டுக்கணக்கில் காட்சிக்கு வைக்கும் வழக்கம் இருக்கிறது. அது வீண். சூட்டில் வெண்மது சில மாதங்களிலேயே பழுப்பேறி மாண்டுவிடும். தேக்கிவைத்தால் விலை ஏறும் என்பதும் இவ்வகைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அதன் காலம் முடிந்துவிடும். உறையக் குளிர்வித்தால் மணம் அடங்கிப்போகும். 12 பாகை அளவு குளிர்ச்சி போதும். தேங்காய்ப்பாலில் வெந்த மீன், ஆப்பத்தோடு வரும் வெள்ளைக் குழம்பு ஆகியவற்றோடு அது இசையும். புளிக்குழம்போடும் மிளகாய்க் காரத்தோடும் ஒட்டாது. காரத்தைச் சாராயச் சத்து மேலும் எரியச் செய்யும், மரத்தின் துவர்ப்பு நாவில் தங்கும்.

வெளிமாநிலங்களில் வாழ்வோர் கட்டாயம் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. மதுவைப் பற்றிய சட்டம் நம் அரசியலமைப்பின்படி மாநிலங்களின் பொறுப்பு. ஒரு மாநிலத்தில் முறையாக விலை கொடுத்து, சீட்டும் பெற்று வாங்கிய புட்டி, எல்லையைத் தாண்டிய அளவில் குற்றப்பொருள் ஆகக்கூடும். குஜராத்தில் அம்மாநிலம் 1960-இல் தோன்றியதுமுதலும், பீகாரில் 2016-ஆம் ஆண்டுமுதலும் மதுவிலக்கு நடைமுறையில் இருக்கிறது. மதுவிலக்கு இல்லாத மாநிலங்களிலும், வெளியிலிருந்து கொண்டுவரும் அளவுக்கு வரம்பு உண்டு. வாங்குவோரின் வயது வரம்பும் ஒரே சீராக இல்லை. நாசிக்கிலிருந்து உறவினருக்கென்று ஒரு புட்டியைப் பெட்டியில் வைத்து ஊருக்குப் புறப்படுவோர், இரயில் எந்தெந்த மாநிலங்களின் வழியாகச் செல்கிறது என்பதையும், இறங்கும் மாநிலத்தின் விதி யாது என்பதையும் புறப்படுமுன்பே விசாரித்துக்கொள்வார்களாக.